தாமான் நெகாரா போகிறவர்கள் கவனத்துக்கு: "3 நாள் 2 இரவு" என்றால் எத்தனை மணிநேரம் என்று கேளுங்கள்

பள்ளி விடுமுறை நெருங்குகிறது. தாமான் நெகாரா தேசியப் பூங்காவுக்கான பேக்கேஜ் விளம்பரங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் மறுபடியும் சுற்ற ஆரம்பித்துவிட்டன. முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். போன விடுமுறையில் ஒரு ஏஜெண்டு எங்கள் குடும்பத்தை ஏமாற்றிய விதம் இது. அதே விளம்பரம், அதே படங்களோடு, இந்த வாரமும் என் கைப்பேசிக்கு வந்திருக்கிறது.

போனில் நான் முதலில் கேட்டதே எத்தனை நாள் தங்கினால் சரிவரும் என்றுதான். அம்மாவும் வருகிறார், எழுபதைத் தாண்டியவர், ஓடி ஓடிப் பார்க்க முடியாது, நிதானமாகக் காட்டில் இருக்க வேண்டும் என்று சொன்னேன். "அக்கா, மூணு நாள் ரெண்டு ராத்திரி தாராளம். அதுக்கு மேல காட்டுல என்ன இருக்கு? பிள்ளைங்களுக்கு போரடிச்சிடும்" என்றார். இன்னும் ஓர் இரவு சேர்க்க முடியுமா என்றதற்கு, ரூம் எல்லாம் ஃபுல் என்று பதில். பூங்காவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் கோலா தஹானில் இறங்கி விசாரித்தால், நாங்கள் தங்கிய இடத்திலேயே அறைகள் காலியாகக் கிடந்தன. வேனைத் திரும்ப அனுப்பும் நாள் முன்பே முடிவாகிவிட்டது, அதற்கு ஏற்றபடி எங்கள் பயணத்தை வெட்டியிருக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம்.

அந்த மூன்று நாள் எப்படிப் போனது என்று சொல்கிறேன். முதல் நாள் காலை எட்டு மணிக்கு வர வேண்டிய வேன் பத்தரைக்கு வந்தது. கே.எல்.லில் இருந்து வழியில் உள்ள ஜெராந்துட் நகரத்துக்கு மூன்று மணிநேரம். வழியில் சாப்பாடு என்று ஒரு கடையில் ஒரு மணிநேரத்துக்கு மேல் நிறுத்தினார்கள். கோலா தெம்பிலிங் படகுத்துறையில் இருந்து படகில் கூட்டிப்போவதாக விளம்பரத்தில் இருந்தது. ஏறக்குறைய 60 கிலோமீட்டர், ஆற்றை எதிர்த்து மூன்று மணிநேரம், இருபுறமும் காடு. வயதானவர்கள் நடக்காமலே காட்டைப் பார்க்க அதைவிட நல்ல வழி கிடையாது. அம்மாவுக்காகவே நான் அதற்குச் சம்மதித்தேன். வேன் படகுத்துறைப் பக்கம் திரும்பவே இல்லை. ஆற்றில் தண்ணீர் இல்லை என்று சொல்லித் தார் ரோட்டிலேயே கொண்டுபோய்விட்டார்கள். படகுக்கான பணத்தில் ஒரு காசு திரும்பவில்லை. போய்ச் சேரும்போது மாலை ஐந்தரை. மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்குத் திரும்பும் வேன். ஆக, மூன்று நாள் என்று விற்றதில் முழுசாகக் கையில் இருந்தது ஒரே ஒரு பகல்.

அந்த ஒரு பகலில் மழை வந்துவிட்டது. இது மழைக்காடு, மழை வரத்தான் செய்யும். ஏறக்குறைய 40 மீட்டர் உயரத்தில் மரத்துக்கு மரம் கட்டியிருக்கும் நடைபாலத்தை மழையில் மூடிவிடுவார்கள், அதுவும் சரிதான். மாற்று நாள் இருந்திருந்தால் மறுநாள் ஏறியிருப்போம். எங்களுக்கு மாற்று நாள் இல்லை. புக்கிட் தெரேசெக் குன்று ஏறுவதும் ரத்து. ஒராங் அஸ்லி பூர்வகுடிகளின் கிராமத்தில் அரைமணிநேரம். அங்கே வாழும் பாத்தெக் மக்களோடு உட்கார்ந்து ஒரு வார்த்தை பேச நேரமில்லாமல், அம்பு ஊதும் குழலைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லிக் கிளப்பிவிட்டார்கள். அவர்களுக்கும் அது மரியாதை இல்லை, எங்களுக்கும் இல்லை.

என்னால் இன்னும் மன்னிக்க முடியாதது இரவு நடந்தது. "நைட் சஃபாரி" என்று தலைக்கு 50 ரிங்கிட் தனியாக வாங்கிக்கொண்டு நான்கு சக்கர வண்டியின் பின்னால் ஏற்றினார்கள். வண்டி ஆற்றைக் கடக்கவில்லை. தேசியப் பூங்கா ஆற்றுக்கு அந்தப் பக்கம், வண்டி போனது இந்தப் பக்கம். டார்ச் வெளிச்சம் பட்ட இடமெல்லாம் வரிசை பிடித்து நட்ட மரங்கள், அடியில் வெட்டிப் போட்ட மட்டை. அம்மா என் கையைப் பிடித்து, "என்னம்மா, இது செம்பனைத் தோட்டம் இல்ல? இதுக்கா காசு கட்டுன?" என்றார். அம்மா எஸ்டேட்டில் பிறந்தவர். செம்பனை அடியில் குனிந்து உதிரிப் பழம் பொறுக்கியே எங்களைப் படிக்க வைத்தவர். அவரை வாழ்க்கையில் ஒருமுறை காடு பார்க்கக் கூட்டிப்போன இடத்தில், இருட்டில், காசு வாங்கிக்கொண்டு அதே செம்பனையைக் காட்டியிருக்கிறார்கள். ஒரு புனுகுப்பூனை தெரிந்தது, உண்மைதான். தோட்டத்தில் அவை நடமாடும், எலி பிடிக்க வரும். ஆனால் தோட்டத்துக்குத்தான் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஏஜெண்டு சொல்லவில்லை. கோலா தஹானில் இப்படி விற்கும் இரவு வண்டிச் சவாரிகள் பலவும் தோட்டத்துக்குள்தான் சுற்றுகின்றன. காட்டுக்குள் இரவில் போக வேண்டுமானால் வழிகாட்டியோடு நடந்துதான் போக வேண்டும்.

உள்ளூர் வழிகாட்டித் தம்பி மட்டும் நேர்மையாகப் பேசினார். இந்தக் காடு 4,343 சதுர கிலோமீட்டர், பகாங், கிளந்தான், திரங்கானு என்று மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கிறது. தாப்பிர், காட்டுமாடு, யானை எல்லாம் உண்டு, ஆனால் அடர்ந்த காட்டில் பத்தடிக்கு அப்பால் நின்றாலே கண்ணுக்குத் தெரியாது. பெரும்பாலானவை ராத்திரியிலும் விடியலிலும்தான் வெளியே வரும். விலங்குகள் உப்பு மண்ணைத் தேடி வரும் இடங்களில் "பும்புன்" என்று மறைவுக் குடில்கள் கட்டியிருக்கிறார்கள். பும்புன் கும்பாங் போன்ற தூரத்துக் குடிலில் ஓர் இரவு படுத்தால்தான் வாய்ப்பே. அதற்குப் பெர்ஹிலித்தான் எனும் வனவிலங்குத் துறை அலுவலகத்தில் முன்பதிவு செய்ய வேண்டும், சாப்பாடும் போர்வையும் நாமே சுமக்க வேண்டும், போக ஒரு நாள், வர ஒரு நாள் ஒதுக்க வேண்டும். அப்போதும் வரும் என்று உத்தரவாதம் இல்லை. "ரெண்டு ராத்திரி பேக்கேஜ்ல வர்றவங்க யாரும் இதையெல்லாம் பார்க்கிறதே இல்ல, அக்கா" என்றார்.

கடைசி நாள் விடியலில் நானே அம்மாவைப் படகில் அக்கரைக்குக் கூட்டிப்போய், பூங்கா அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் பும்புன் தஹானில் உட்கார வைத்தேன். பனி விலகிக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் இருவாச்சி ஒன்று பறந்தது. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே இறக்கைச் சத்தம் பழைய கரிரயில் மூச்சுவிடுவதுபோலக் கேட்டது. அம்மா நிமிர்ந்து பார்த்தபடியே இருந்தார். அதற்குள் டிரைவர் மூன்று முறை போன் அடித்துவிட்டார்.

இன்னும் ஓர் இரவு தங்குகிறோம் என்று ஏஜெண்டிடம் கேட்டுப் பார்த்தோம். அறைக்கு 350 ரிங்கிட், திரும்பும் வேன் டிக்கெட் செல்லாது, புதிதாகத் தலைக்கு 150 என்றார். ஜெராந்துட்டுக்குப் பொது மினிபஸ் ஓடுவதைச் சொல்லவே இல்லை. ரசீதில் "பூங்கா கட்டணம்" தலைக்கு 40 ரிங்கிட் என்று போட்டிருந்தது. எங்களுக்குக் கொடுத்த நுழைவு அனுமதிச் சீட்டில் அச்சிட்டிருந்தது 1 ரிங்கிட்.

எத்தனை நாள் என்று என்னைக் கேட்டால், கே.எல்.லில் இருந்து போகிறவர்கள் மூன்று இரவுக்குக் குறைத்து ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்போதுதான் இரண்டு முழுப் பகல் கிடைக்கும், ஒன்று மழையில் போனாலும் இன்னொன்று இருக்கும். பும்புனில் படுக்க ஆசைப்பட்டால் நான்கு. குனோங் தஹான் மலை ஏறுவது தனிக் கதை, அதற்கே ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும். நவம்பரில் இருந்து பிப்ரவரி வரை மழை அதிகம், அந்த மாதங்களில் இன்னும் ஒரு நாள் கூட்டியே கணக்குப் போடுங்கள். அவ்வளவு லீவு இல்லையென்றால் வேறு இடம் போங்கள். இரண்டு இரவுக்காக இத்தனை பணத்தைக் கொட்டாதீர்கள்.

ஏஜெண்டிடம் மணிவாரியான அட்டவணையை எழுத்தில் வாங்குங்கள். எத்தனை மணிக்குக் கோலா தஹான் சேருவோம், எத்தனை மணிக்குக் கிளம்புவோம், படகா வேனா, மழை வந்தால் மாற்று என்ன, இரவுச் சவாரி பூங்காவுக்குள்ளா தோட்டத்திலா. எழுதித் தர மறுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சுற்றுலா அமைச்சின் உரிம எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது பெரும்பாலும் கே.பி.கே./எல்.என். என்று தொடங்கும்.

நாங்கள் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுப் போட்டிருக்கிறோம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அங்கே விசாரிக்கிறார்கள், மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் வேண்டியதில்லை. மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். இதே மாதிரிப் பேக்கேஜில் போய் வந்தவர்கள் ரசீது, விளம்பரப் படம், ஏஜெண்டோடு பேசிய வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழித்துவிடாதீர்கள். மனுவோடு நாங்கள் இணைத்தது அவற்றைத்தான்.