ரிங் ஃபிரேம் பேனலில் ஒரு அன்மேனேஜ்டு சுவிட்ச்: எல்லாம் சரி, அந்தப் பச்சை டெர்மினல்தான்

ஈரோட்டுப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரிக்கல் பார்க்கும் நண்பர் கூப்பிட்டிருந்தார். "ஏனுங்க, உங்க ஃபிரேம் பேனல்ல போட்டீங்களே அந்த டின் ரயில் சுவிட்ச், எப்படிங்க ஓடுது? டீலர் விலையைக் குறைச்சிருக்காரு, வாங்கிப் போடலாமுங்களா?" என்று கேட்டார். ஃபோனில் சொன்னது பாதிதான். மீதி இது.

நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மிஷினின் பேனலில், டின் ரயில் என்ற உலோகப் பட்டையில் மாட்டும் நெட்வொர்க் சுவிட்ச் இது. அன்மேனேஜ்டு, அதாவது நெட்வொர்க் செட்டிங் எதுவும் மாற்ற முடியாத வகை. ஐந்து போர்ட், 100 எம்பிபிஎஸ், இரும்பு உடம்பு, 24 வோல்ட் டிசி. ஸ்பெக் எல்லாம் டேட்டா ஷீட்டிலேயே இருக்கிறது. எங்களிடம் மூன்று வருஷத்துக்கு மேலாக ஓடுகிறது. பிஎல்சி (மிஷினை ஓட்டும் கன்ட்ரோலர்), எச்எம்ஐ (அதன் திரை) இரண்டையும் சேர்த்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்புவதுதான் இதன் வேலை.

இதற்கு முன்னால் அந்த இடத்தில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஆபீஸ் சுவிட்ச் இருந்தது. அந்த வகையைப் பெரும்பாலும் 40 டிகிரி வரைக்கும்தான் தாங்கும் என்று போட்டிருப்பார்கள். மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ் ஓடும் பேனலுக்குள் கோடையில் 40 டிகிரி என்பது விடியற்காலைக் கணக்கு. அதைவிடப் பெரிய தொல்லை அடாப்டர். அதிர்வில் அந்த உருண்டை பின் மெல்ல மெல்ல வெளியே நழுவும். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஏறும்போது சுவிட்ச் அப்படியே ஹேங் ஆகி நிற்கும். நைட் ஷிஃப்ட் எலக்ட்ரீஷியனுக்கு அதை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவதே தனி வேலையாக இருந்தது. புதுசு போட்டபிறகு அந்த வேலை அடியோடு ஒழிந்தது. இதற்காகவே கொடுத்த காசு தகும்.

ஒரு விஷயம். மேலே ஐபி 30 என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, தூசி புகாது என்று நினைத்துவிடாதீர்கள். 2.5 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனான பொருள் உள்ளே போகாது என்பதுதான் அதில் 3. தண்ணீருக்குப் பாதுகாப்பே கிடையாது என்பது 0. பஞ்சு தாராளமாகப் போகும். ஃபேன் இல்லாததால் தானாக உள்ளே இழுப்பதில்லை, அவ்வளவுதான். காலியாக விட்ட இரண்டு போர்ட்டும் காதில் பஞ்சு வைத்த மாதிரி அடைத்துக்கொண்டன. ரப்பர் மூடி வாங்கிச் செருகினோம். அதைப் பெட்டியிலேயே போட்டுக் கொடுத்தால் கம்பெனிக்கு என்ன குறைந்துவிடும்?

இப்போது என் வயிற்றெரிச்சல். பவர் கொடுக்கும் பச்சை டெர்மினல் பிளக்கை சுவிட்சின் தலைமேல் வைத்திருக்கிறார்கள். அதைக் கழற்ற நேராக மேலே இழுக்க வேண்டும். எங்கள் பேனலில் ரயிலுக்கு மேலேயே ஒயர்களை அடக்கி வைக்கும் பிவிசி சேனல் ஓடுகிறது. எந்தப் பேனலில்தான் ஓடவில்லை? பிளக் பாதி தூரம் வந்து சேனலில் இடித்து நிற்கும். சரி, ஸ்க்ரூவையாவது திருகலாம் என்றால் அதுவும் மேலே பார்த்த மாதிரி. டெஸ்டர் நுனி அந்தத் துளைக்குப் பெரிசு. ஒல்லி ஸ்க்ரூ டிரைவரைச் சாய்த்துப் பிடித்தால் ஸ்க்ரூவின் தலை தேய்கிறது. கடைசியில் சுவிட்சையே ரயிலிலிருந்து கழற்றி, நெட்வொர்க் கேபிள்களோடு முன்னால் தொங்கவிட்டு, ஒரு கையில் பிடித்துக்கொண்டுதான் ஒயர் மாட்ட வேண்டும். பொங்கல் லீவில் எல்லா ஃபிரேமிலும் ஒயர் டைட் பார்த்தபோது, மற்ற டெர்மினல் முழுவதையும் முடிக்க ஆன நேரம் இந்த ஆறு ஸ்க்ரூவுக்கும் ஆனது. டிசைன் பண்ணியவர் சேனல் போட்ட பேனலைக் கண்ணால் பார்த்ததே இல்லை போல.

கோபம் வருவதற்குக் காரணம், அதே டெர்மினலில்தான் இந்த சுவிட்சின் நல்ல குணமும் இருக்கிறது. இரண்டு பவர் சப்ளை கொடுக்கலாம். ஒன்று போனால் மற்றொன்றில் ஓடும், கூடவே கோளாறைச் சொல்லும் ஃபால்ட் ரிலே விழும். அந்த ரிலேவை எடுத்து பேனல் கதவில் ஒரு சின்ன இண்டிகேட்டருக்குக் கொடுத்து வைத்தோம். ஒருநாள் அது எரிந்தது. போய்ப் பார்த்தால் ஒரு எஸ்எம்பிஎஸ் (24 வோல்ட் பவர் சப்ளை) செத்துக் கிடக்கிறது, ஆனால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு ரீடிங்கூட விடுபடவில்லை. மேலே உள்ள குட்டி டிப் சுவிட்சைப் போட்டால் கேபிள் கழன்றாலும் இதே ரிலே சொல்லும். பலர் இந்த ரிலேவுக்கு ஒயரே இழுப்பதில்லை. பாதிக் காசு வீண்.

அன்மேனேஜ்டு என்பதால் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஏசி வேலைக்கு வந்த வெளி ஆள், தொங்கிக்கொண்டிருந்த பேட்ச் கார்டின் மறுமுனையையும் அதே சுவிட்சில் செருகிவிட்டுப் போனார். லூப், அதாவது அனுப்பிய தகவல் வெளியே போகாமல் அங்கேயே சுற்றிச் சுற்றி வரும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் எல்லா ஃபிரேமும் ஒன்றாகச் சிவப்பாயின. மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, கணக்கு மட்டும் வரவில்லை. சுவிட்சைப் பார்த்தால் எல்லா விளக்கும் பச்சையாகப் படபடவென்று சிமிட்டுகிறது. லூப்பைக் கண்டுபிடித்து அடைக்கும் ஸ்பானிங் ட்ரீ இல்லாத சுவிட்ச் அப்படித்தான், இதைக் குறை சொல்ல மாட்டேன். அது தெரிந்துதானே குறைந்த விலையில் வாங்குகிறோம்.

சரி, வாங்கலாமா? நான் வாங்க மாட்டேன். இவ்வளவு நாள் ஒருமுறைகூட ரீசெட் கேட்காத பொருள்தான், ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் புதிதாக வரும் பேனல்களுக்கு இது வேண்டாம் என்று பர்ச்சேஸில் எழுதிக் கொடுத்துவிட்டேன். பவர் டெர்மினல் முன்பக்கமோ அடியிலோ இருந்தால், இதைவிட ஒரு படி மட்டமான சுவிட்சைக்கூட எடுத்துக்கொள்வேன். விலை குறைந்திருக்கிறதே என்று ஆசைப்படுபவர்கள், முதலில் டேட்டா ஷீட்டின் அளவுப் படத்தைப் பாருங்கள். உங்கள் பேனலில் ரயிலுக்கும் மேல் சேனலுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர், முன்னால் கேபிள் செருகியபிறகு கதவு மூடுமா என்று டேப் வைத்து அளந்துவிட்டு, அப்புறம் டீலரைக் கூப்பிடுங்கள்.