தூத்துக்குடி வீட்டு அலாரம்: 18,500 கேட்ட இடத்தில் 2,100-இல் முடிந்த வேலை

அம்மாவுக்கு 71 வயது. தூத்துக்குடி வீட்டில் தனியாக இருக்கிறாள், நான் சென்னையில். 2019-இல் அந்த வீட்டுக்கு ஒயர் இழுத்த திருட்டு அலாரம் போட்டோம். நான்கு கதவுகளில் மேக்னட் சுவிட்ச், ஹாலிலும் படிக்கட்டிலும் ஆள் நடமாட்டம் பார்க்கும் சென்சார், வெளியே சைரன். போன ஐப்பசி மழை தொடங்கியதும் ராத்திரி இரண்டு மணி, மூன்று மணிக்கெல்லாம் சைரன் அடிக்க ஆரம்பித்தது. ஒரே வாரத்தில் மூன்று தடவை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எழுந்து வருவதைப் பார்த்து அம்மா கூசிப்போனாள். கடைசியில் அலாரத்தை ஆஃப் செய்துவிட்டு ஒன்பது நாள் படுத்திருக்கிறாள். அது எனக்குத் தெரியவந்தபோதுதான் பயம் வந்தது.

அலாரம் போட்டுக் கொடுத்த கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான். எல்லா ஒயரும் வந்து சேரும் கட்டுப்பாட்டுப் பெட்டியான பேனலின் மூடியைத் திறந்து பார்த்தான், போனில் படம் எடுத்தான். "போர்டு போயிருச்சும்மா, ஒயரே இல்லாத புது செட் போட்டுருங்க" என்றான். 18,500 ரூபாய். அளந்து பார்க்கும் மீட்டர் ஒன்றுகூடக் கையில் இல்லை.

அப்புறம், நானும் ஊரில் இருந்தபோது, எதிர்வீட்டு அக்கா சொல்லி ஒரு அண்ணாச்சி வந்தார். தனி ஆளாக வேலை செய்பவர், பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வருகிறேன் என்று சொன்ன நாளுக்கு மறுநாள்தான் வந்தார், போனையும் எடுக்கவில்லை. அந்தக் குறையைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் வந்தவர் முதலில் பேனலைத் தொடவே இல்லை. "எந்த நேரத்துல அடிக்குதுக்கா? அப்ப கரண்ட் இருந்துச்சா? கீபேடுல என்ன நம்பர் காட்டுச்சு?" என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு தடவை 4 என்று காட்டியது, ஒரு தடவை கரண்ட் போய் வந்ததும் அடித்தது என்று அம்மா சொன்னாள். "அப்ப ரெண்டு கோளாறு இருக்கு" என்றார். அவர் சொன்னது சரிதான்.

முதலில் பேட்டரி. கரண்ட் போனால் கைகொடுக்க, இந்தப் பேனல்களுக்குள் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இருக்கும். போட்ட நாளிலிருந்து நாங்கள் அதை மாற்றவே இல்லை. கரண்ட் இருக்கும்போது மல்டிமீட்டர் 13.6 காட்டியது, அதாவது சார்ஜ் ஒழுங்காகப் போகிறது. மெயினை அணைத்தார், 12.1. சைரனை ஒலிக்க விட்டார். என் கண்ணெதிரிலேயே 9.4-க்கு இறங்கியது, கீபேடு மங்கியது. சும்மா அளந்தால் உயிரோடு இருப்பது போலத் தெரியும், லோடு கொடுத்தால்தான் குட்டு வெளிப்படும் என்றார். எங்கள் பேனல் கரண்ட் போனதும் அணைந்து, திரும்ப வரும்போது காவல் காக்கும் நிலையிலேயே எழுந்து, சென்சார்கள் நிதானத்துக்கு வருவதற்குள் அடித்திருக்கிறது. பேட்டரியின் பக்கவாட்டைத் தடவிப் பார்த்தேன், உப்பியிருந்தது.

அடுத்தது நான்காம் நம்பர், மொட்டைமாடிக் கதவு. பேனலிலிருந்து ஒவ்வொரு கதவின் இரண்டு ஒயர்களையும் கழற்றி, கரண்ட் ஓட எவ்வளவு தடை இருக்கிறது என்று ஓம் கணக்கில் அளந்தார். மற்ற மூன்று கதவுகளும் இரண்டு, மூன்று ஓம்தான். மாடிக் கதவு 400 காட்டியது. என்னை மேலே போய்க் கதவை ஆட்டச் சொன்னார். 1,100 ஆனது, நடுவில் சில நொடி ஒயரே அறுந்த மாதிரி ஆகி மறுபடி சேர்ந்தது. மேக்னட் சுவிட்சை மட்டும் தனியே அளந்தால் அது சுத்தமாக இருந்தது. ஒயரைத் தடவிக்கொண்டே போனவர் கதவு நிலைக்கு மேலே, ஒயரை ஒட்டுப்போட்ட ஒரு முடிச்சில் நின்றார். கறுப்பு டேப் வெயிலில் காய்ந்து செதிலாக உரிந்தது. உள்ளே முறுக்கி மட்டும் விட்டிருந்த செம்புக் கம்பி பச்சைக் களிம்பு பூத்து, விரலால் தொட்டதும் ஓர் இழை பொடியாய் உதிர்ந்தது. உப்புக் காற்றடிக்கும் ஊரில் வெளியே போட்ட முடிச்சைச் சோல்டர் (ஈயப் பற்று) வைக்காமல் விட்டிருக்கிறார்கள். பச்சையை வெட்டியெறிந்து, சோல்டர் வைத்து, சுருங்கும் ட்யூபைப் போட்டுச் சூடு காட்டி மூடினார்.

அதோடு கிளம்பியிருந்தால்கூட நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். பேனலில் ஒயரைத் திரும்ப மாட்டும்போது, "ஏம்மா, இந்த ரெசிஸ்டர் இங்க இருக்கக் கூடாது" என்றார். ஒவ்வொரு ஒயர் ஜோடியின் கடைசியிலும், கதவருகே, ஒரு சின்ன ரெசிஸ்டர், அதாவது குறிப்பிட்ட அளவு தடை தரும் பாகம், இருக்க வேண்டுமாம். பேனல் அந்த அளவைத்தான் கண்காணிக்கிறது. ஒயரை வெட்டினாலும், இரண்டையும் சேர்த்து ஷார்ட் செய்தாலும் அளவு மாறிக் காட்டிக்கொடுக்கும். எங்களுக்கோ நான்கு ரெசிஸ்டர்களையும் பேனலுக்குள்ளேயே மாட்டி வைத்திருந்தார்கள். வழியில் யாராவது ஒயரைச் சீவி இரண்டையும் சேர்த்திருந்தால், கதவைத் திறந்தாலும் மூடியிருப்பதாகவே பேனல் நினைத்திருக்கும். ஆறு வருடம் அப்படித்தான் இருந்திருக்கிறோம். நான்கையும் கதவுப் பக்கம் மாற்றிவிட்டு, ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டி, ஒயரை ஷார்ட் செய்தும் காட்டினார். படிக்கட்டுச் சென்சாருக்குள் எறும்பு கூடு கட்டியிருந்தது. அதைச் சுத்தம் செய்து ஒயர் நுழையும் ஓட்டையை அடைத்துக் கொடுத்தார்.

பேட்டரி 1,150, கூலி 800, சில்லறைச் சாமான் 150. மொத்தம் 2,100 ரூபாய், இரண்டரை மணி நேரம். சீட்டில் பில் தரவில்லை, ஆனால் புது பேட்டரி மேல் வெள்ளை டேப் ஒட்டி அன்றைய தேதியைப் பேனாவால் எழுதினார். அதை மூன்று, நான்கு வருடத்தில் மாற்றிவிட வேண்டும் என்றார். மாதம் ஒரு முறை மெயினை அணைத்துச் சைரனை ஒலித்துப் பார்க்க அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

மூன்று வாரம் ஆகிறது. முந்தாநாள் இரவு அங்கே நல்ல மழை, ஒன்றரை மணி நேரம் கரண்ட் இல்லை. காலையில் அம்மா போன் செய்தாள். கரண்ட் எப்போது வந்தது என்றே தெரியாமல் தூங்கியிருக்கிறாள், கீபேடில் பச்சை விளக்கு எரிகிறது என்றாள்.