40 யூரோவுக்குள் ஒரு நல்ல ஆம்பிளை சென்ட்: அஸாரோ பூர் ஓம், பல வருஷப் பழக்கத்துக்குப் பிறகு

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்கு வந்து வேலையில் சேர்ந்த காலத்திலிருந்து நான் அதிகம் அடித்துக்கொள்வது அஸாரோ பூர் ஓம் என்ற பழைய பிரெஞ்சு சென்ட்தான். இடையில் வேறு சிலதையும் வாங்கினேன், சிலது பரிசாக வந்தது, ஆனால் காலி பாட்டிலைப் போட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப வாங்குவது இது ஒன்றைத்தான். "காசு ரொம்பப் போகக்கூடாது, வயசுக்குத் தகுந்தாற்போல் இருக்கணும், சின்னப் பையன் வாசனை வேண்டாம்" என்று கேட்கிற நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் நிலவரம் தெரிந்தால்தான் நான் சொல்வது உங்களுக்கு எந்த அளவு பொருந்தும் என்று புரியும். தீவின் தலைநகரான சேன் தெனியில் கணக்கு வாத்தியார் வேலை. வகுப்பறையில் ஏ.சி. கிடையாது, திறந்த ஜன்னலும் மின்விசிறியும்தான். போக வர பஸ். இந்தச் செலவுக்கு வீட்டில் அனுமதி 40 யூரோ வரை, அதற்கு மேல் போனால் பேச்சு எழும். பிளேன் தே காஃப்ர் மாதிரி மேட்டுப் பகுதியில், ஜூலையில் (இங்கே அது குளிர்காலம்) கம்பளி போட்டு நடமாடுகிறவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. நான் பேசுவது கரையோரத்து வெக்கையைப் பற்றி.

இந்த வெக்கையில் ஒரு சென்ட் எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதை விட, எவ்வளவு பலமாக வீசும் என்றுதான் பார்க்க வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் காற்றில் ஈரம் ஊறிக் கிடக்கும்போது எல்லாமே தேவைக்கு மேல் வீசுகிறது. இப்போது இளைஞர்களுக்கென்று விற்கிற இனிப்பு சென்ட் எதையாவது அடித்துக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னலைத் திறப்பார். அந்த இனிப்புப் பொருள்கள் கனமானவை, மெதுவாக ஆவியாகிறவை. உடம்புச் சூடு ஏற ஏற ஒரேயடியாகக் கிளம்பி வரும், வேர்வையோடு சேர்ந்தால் புளித்த நெடியாகிவிடும். லாவண்டர், எலுமிச்சை, துளசி வகை இலைகள், பாசி, வேர் என்று போகும் பழைய பாணி இந்த ஊருக்கு எவ்வளவோ மேல். வேர்வையோடு அது சண்டை போடாது.

அந்தப் பாணிக்குப் பெயர் ஃபூழேர். 1882இல் ஊபிகான் என்ற பிரெஞ்சு நிறுவனம் கொண்டுவந்த ஃபூழேர் ரொயால் என்ற சென்டிலிருந்து வந்த பெயர். டோங்கா என்ற விதையின் மணத்துக்குக் காரணமான கூமரினை 1868இலேயே வில்லியம் பெர்கின் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் சோதனைச்சாலையில் செய்து காட்டியிருந்தார். அந்தச் செயற்கைக் கூமரினோடு லாவண்டரையும் ஓக் மரப் பாசியையும் சேர்த்ததுதான் அடிப்படை. பிறகு வந்த ஆண்கள் சென்ட்களில் ஏகப்பட்டவை இதன் வாரிசுகள். இவற்றில் ஜெரேனியம் என்ற வாசனைச் செடியின் எண்ணெயும் அடிக்கடி வரும், அது எங்கள் தீவுச் சரக்கு. மாய்தோ மலை உச்சிக்குப் போகிற வழியில், பெத்தித் ஃப்ரான்ஸ் பக்கம், விறகு அடுப்பில் வாலை என்ற வடிகலத்தை வைத்து ஜெரேனியம் எண்ணெய் வடிப்பதை இன்றும் பார்க்கலாம். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு இலை நூற்றுக்கணக்கான கிலோ போக வேண்டும். உலகச் சந்தை இப்போது எகிப்துக்கும் சீனாவுக்கும் போய்விட்டது. ஆனால் வாலையின் மூடியைத் திறக்கும்போது வருகிற ஆவியை ஒருமுறை முகர்ந்தவருக்கு, கடையில் எந்த ஆம்பிளை சென்டை எடுத்தாலும் அதற்குள் ஜெரேனியம் இருக்கிறதா இல்லையா என்று உடனே பிடிபடும். ரோஜா மாதிரிதான், ஆனால் இலைப்பச்சையும் லேசான கசப்பும் கூட இருக்கும்.

சரி, அஸாரோவுக்கு வருவோம். 1978இல் வந்தது. அடித்த உடனே எலுமிச்சையும் சோம்பும்தான் முன்னால் நிற்கும். ஹோட்டலில் பில்லோடு ஒரு கிண்ணத்தில் வருமே, அந்தச் சோம்பேதான் என்று என் மனைவி சிரிப்பாள். முதல் கால் மணி நேரம் அவள் சொல்வது சரி. பிடிக்காதவர்கள் கடையிலேயே மூக்கைச் சுளித்து வைத்துவிட்டுப் போவதும் இந்தக் கட்டத்தில்தான். கொஞ்சம் பொறுக்க வேண்டும். எலுமிச்சை பறந்த பிறகு லாவண்டரும் துளசியும் ஏலக்காயும் கலந்து, நன்றாகச் சவரம் செய்துகொண்ட முகத்தின் வாசனை என்று எல்லோரும் நினைக்கிற அந்த வாசனை வரும். காலையில் முதல் வகுப்பு தொடங்கும்போது இந்த இடத்தில் இருக்கும். பத்து மணி இடைவேளைக்குள் அடங்கிவிடும்.

மதியத்துக்கு மேல் தோலோடு ஒட்டிக் கிடப்பது வெட்டிவேர், பச்சௌலி, கொஞ்சம் தோல்பை வாடை, டோங்காவின் மெல்லிய இனிப்பு. பக்கத்தில் வந்தால்தான் தெரியும். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இந்தக் கடைசிக் கட்டம்தான். ஒரு சென்டை வாங்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டிய நேரமும் இதுதான். காகிதத் துண்டில் அடித்து முகர்ந்துவிட்டுக் காசைக் கொடுக்காதீர்கள். கடையில் முகர்ந்து பார்க்க வைத்திருக்கும் டெஸ்டர் பாட்டிலிலிருந்து மணிக்கட்டில் ஒரு தடவை அடித்துக்கொண்டு, பராஷ்வா என்ற கடலோரப் பகுதி வரைக்கும் வெயிலில் நடந்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, பிற்பகலில் முகர்ந்து பாருங்கள். அப்போதும் பிடித்திருந்தால் வாங்குங்கள். ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம், மூக்கு குழம்பிவிடும்.

பழைய ஆட்கள் "இப்போ வர்றது முன்ன மாதிரி இல்ல" என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. என் தாய்மாமா சொல்தாவாகப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, ஓய்வூதியத்தோடு புதுச்சேரிக்குத் திரும்பியவர். அவர் பீரோவில் இதே அஸாரோவின் பழைய பாட்டில் ஒன்று பாதி மீதியோடு இருந்தது. சாறு கருத்துப்போய், ஸ்பிரே வாயைச் சுற்றிப் பிசுக்குக் கட்டியிருந்தது. மூடியைத் திறந்தால் எலுமிச்சை செத்துப்போன நெடி. ஆனால் கையில் அடித்து அரை மணி நேரம் விட்டதும் அடியிலிருந்து வந்தது பாருங்கள், ஈர மரப்பட்டை, பாசி, தோல், எல்லாம் கெட்டியாக! இப்போதைய பாட்டிலில் அந்தக் கெட்டி கிடையாது, மெலிந்து சுத்தமாகிவிட்டது.

காரணம் பெரும்பாலும் ஓக் பாசிதான். அதிலிருக்கும் அட்ரனால், குளோரோ அட்ரனால் என்ற இரண்டு பொருள்கள் சிலருக்குத் தோல் ஒவ்வாமை தருகின்றன என்று ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தடை போட்டது. 2021 ஆகஸ்டுக்குப் பிறகு அவை கலந்த சரக்கு கடையில் இருக்கவே கூடாது. ரீயூனியன் பிரான்சின் மாவட்டம் என்பதால் இங்கேயும் அதே சட்டம். அதனால் ஓக் பாசி கலந்த பழைய சென்ட்கள் பலவும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றப்பட்டுவிட்டன. என்னைக் கேட்டால், இந்த வெயிலுக்கு மெலிந்த புதுச் சாறே போதும். மாமாவின் பாட்டிலை வகுப்பறைக்குள் கொண்டுபோனால் பிள்ளைகள் எழுந்து ஓடுவார்கள். பழைய ஸ்டாக்கைத் தேடி இருமடங்கு விலை கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இன்னொன்று, பழைய சாறுகளில் சுத்திகரிக்காத பெர்கமாட் (எலுமிச்சை வகைப் பழம்) எண்ணெய் இருந்திருக்கலாம். அது பட்ட தோலில் வெயில் விழுந்தால் கறுப்புத் திட்டு வரலாம். கழுத்தில் அடித்துக்கொண்டு கடற்கரைக்குப் போகாதீர்கள்.

இதே விலை வட்டத்தில் மற்றவை (அடைப்புக்குறிக்குள் இருப்பது வெளிவந்த வருஷம்). சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும் ப்ரூட் (1964) ரொம்ப மலிவு. வாசனை மோசமில்லை, ஆனால் சோப்பும் பவுடரும் தூக்கலாக, சலூன் வாடை. ஞாயிற்றுக்கிழமை ஷோத்ரோன் சந்தைக்குப் போக அது போதும். திராக்கார் நுவார் (1982) பளிச்சென்று இருக்கும், ஆனால் அதில் தாராளமாகக் கலந்திருக்கிற டைஹைட்ரோமிர்செனால் என்ற வாசனைப் பொருள் சலவைத்தூளிலும் புழங்குகிற சரக்கு. எனக்கு ஒரு மணி நேரத்தில் அலுத்துவிடும். பாக்கோ ரபான் பூர் ஓம் (1973) அஸாரோவுக்குச் சரியான போட்டி. ரோஸ்மேரி, தேன், ஜெரேனியம், பாசி. சோம்பு பிடிக்காதவர்கள் நேராக இதற்குப் போகலாம். தேன் பகுதி மட்டும் மார்ச்சில் கொஞ்சம் திகட்டும்.

கரோனின் பூர் ஆன் ஓம் (1934) பட்ஜெட்டை லேசாக மீறும். லாவண்டரும் வனிலாவும் மட்டுமே என்று சொல்லிவிடலாம், அவ்வளவு எளிமை, அவ்வளவு அழகு. வனிலா என்றால் எங்கள் தீவுக்காரர்களுக்கு மூக்கு தானாகத் திரும்பும். 1841இல் அந்தப் பூவைக் கையால் மகரந்தம் சேர்க்கும் வழியைக் காட்டியது இங்கே சேன்ட் சூசானில் அடிமையாக இருந்த எட்மோன் அல்பியுஸ், அப்போது அவனுக்கு வயது 12. ஆனாலும் கரையோரத்தில் கோடையில் இந்த சென்ட் கனக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலை நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கெர்லேன் வெட்டிவேர் இங்குள்ள வெயிலுக்கு எல்லாவற்றையும் விட நல்லது, ஆனால் 40 யூரோவுக்கு அந்தப் பக்கம். தள்ளுபடியில் சிக்கினால் யோசிக்காமல் எடுங்கள்.

வீட்டுக்குள் மனைவியும் நானும் சேர்ந்து செலவழிப்பது சூப்பர்மார்க்கெட் ஓடிகொலோன்தான், மோன் சேன் மிஷெல். பெரிய பாட்டில், சில்லறைக் காசு. குளித்ததும் உடம்பில் தாராளமாகத் தெளித்துக்கொள்ளலாம், பத்து நிமிஷத்தில் பறந்துவிடும், அதற்குப் பிறகு அஸாரோ அடித்தால் தகராறு இல்லை. காவடி விரத நாட்களில் இரண்டுமே கிடையாது. சாராயம் கலந்த எதுவும் உடம்பில் படக்கூடாது என்று சேன்ட் ஆந்த்ரேயிலிருக்கும் மாமியார் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் உத்தரவு போட்டுவிடுவார். அப்போது சந்தனம் மட்டும்.

விலை விஷயம். கடல் தாண்டி வரும் சரக்குக்கு ஒக்த்ருவா தெ மேர் என்ற வரி உண்டு, கப்பல் கூலி வேறு. அதனால் பிரான்சின் இணையக் கடைகளில் பார்க்கிற விலையை இங்கே எதிர்பார்க்க முடியாது. அங்கேயே ஆர்டர் போடலாம் என்றால், சென்ட் என்பது எரியக்கூடிய திரவம் என்று பலர் கடல் கடந்த மாவட்டங்களுக்கு அனுப்ப மறுக்கிறார்கள். ஒரு இணையக் கடை என்னிடம் பணத்தை வாங்கிவிட்டு, மூன்று வாரம் கழித்து "விமானத்தில் ஏற்ற முடியாது" என்று திருப்பி அனுப்பியது. பிரான்சிலிருந்து இங்கே வருகிறவர்களிடம் சொல்லிவிடுவதே நல்ல வழி. பெட்டியில் போட்டுக் கொண்டுவரலாம், கைப்பையில் என்றால் 100 மில்லி வரை. இங்கேயே வாங்குவதானால் ஜூன் மூன்றாவது ஞாயிறு தந்தையர் தினம் முடிந்த மறுவாரம் போங்கள். விற்காமல் நின்ற பரிசுப் பெட்டிகளின் விலை இறங்கும். சென்டோடு ஷவர் ஜெல்லும் இருக்கும். பிப்ரவரி, செப்டம்பர் தள்ளுபடிக் காலமும் உண்டு. சந்தைத் தரையில் பெரிய பெயர் போட்டு 10 யூரோவுக்கு விற்கிற பாட்டில்களைத் தாண்டிப் போய்விடுங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

கணக்கு வாத்தியார் என்பதால் இதையும் போட்டுவிடுகிறேன். ஒரு ஸ்பிரே அழுத்தலுக்குச் சுமார் 0.1 மில்லி. 100 மில்லி பாட்டிலில் ஏறத்தாழ 1000 அழுத்தல். ஒரு நாளைக்கு மூன்று என்றால் சுமார் பதினொரு மாதம் ஓடும், 40 யூரோ பாட்டிலில் அழுத்தலுக்கு 4 சென்டிம் (யூரோவில் நூற்றில் ஒன்று ஒரு சென்டிம்). 50 மில்லி பாட்டில் பெரும்பாலும் பாதி விலைக்கு வராது, கணக்கில் நஷ்டம்தான். ஆனால் குளியலறை அலமாரியில் ஈரத்திலும் சூட்டிலும் வைப்பதாக இருந்தால் சின்னதையே வாங்குங்கள். பெரியது தீருவதற்குள் எலுமிச்சைப் பகுதி கெட்டுவிடும். என்னுடையது அதன் அட்டைப் பெட்டியோடேயே துணி அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது.

அடிக்கும் இடம்: சட்டை போடுவதற்கு முன் நெஞ்சில் இரண்டு, பிடரியில் ஒன்று. கோடையில் நெஞ்சில் மட்டும். வெள்ளைச் சட்டை மேல் நேராக அடித்தால் மஞ்சள் கறை விழலாம், சலவையில் லேசில் போகாது. உங்களுக்கே வாசனை தெரியவில்லை என்று இன்னொரு தடவை அழுத்தாதீர்கள். மூக்கு பழகிப்போயிருக்கும், அவ்வளவுதான். சந்தேகமாக இருந்தால் வீட்டில் கேளுங்கள், இல்லையென்றால் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.