நாலு போல்ட், ஆறு நாள்: தருமபுரியில் ஒரு வாஷிங் மெஷின் வாங்கிய கதை

தங்கை பிடமனேரிப் பக்கம் வீடு கட்டிக் குடிபோயிருக்கிறாள். அவளும் மாப்பிள்ளையும் கடன் வாங்கி, ஒவ்வொரு செங்கல்லையும் எண்ணிக் கட்டிய முதல் வீடு. புதுமனை புகுவிழாவுக்கு என்னால் ஜெர்மனியிலிருந்து வர முடியவில்லை. அதனால் டிசம்பரில் லீவு போட்டு வந்தபோது பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் மூன்றும் அண்ணன் சீராக நான்தான் எடுத்துக் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டேன். கிரைண்டர் கோயம்புத்தூர்க் கல்லாக இருக்க வேண்டும் என்றார் அம்மா. அது அரை மணி நேரத்தில் முடிந்தது. பிரிட்ஜும் பெரிய கதை இல்லை. வாஷிங் மெஷின்தான் என் லீவில் ஆறு நாளைத் தின்றது.

எங்கள் அப்பா காலத்தில் மின்சாமான் வாங்குவது வேறு மாதிரி இருந்தது. கடைக்காரருக்கு அப்பாவைத் தெரியும், அப்பாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்பதும் தெரியும். தவணை அட்டையில் மாதாமாதம் கையெழுத்துப் போட்டு வாங்குவார். பொருளை எடுத்துக் காட்டுவதற்கு முன்னால் கேள்விதான் வரும். வீட்டில் கரண்ட் எப்படி, லோ வோல்டேஜ் வருமா, போர் தண்ணியா குழாய்த் தண்ணியா, எங்கே வைக்கப் போறீங்க? இந்த முறை நாங்கள் போன பெரிய ஷோரூமில் ஏ.சி. குளிரில் நின்று, காபி வாங்கிக் குடித்து, ஒன்றரை மணி நேரம் பேசினோம். அதில் ஒருவர்கூடத் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. பட்ஜெட் என்ன சார், இ.எம்.ஐ.யா சார், இந்த இரண்டு கேள்விதான்.

விலை பேசிய விதமும் சொல்ல வேண்டியது. ஜி.எஸ்.டி. குறைந்துவிட்டது, அதனால்தான் இந்த விலை என்றார் விற்பனைத் தம்பி. 2025 செப்டம்பரில் 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது ஏ.சி.க்கும், 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கும், பாத்திரம் கழுவும் மெஷினுக்கும்தான். பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் 2018 ஜூலையிலேயே 18க்கு வந்துவிட்டன. அதைச் சொன்னதும் அவர் முகம் மாறியது, ஆனால் கோபப்படவில்லை, மேனேஜரைக் கேட்டுவிட்டு வந்து 1,200 குறைத்தார். அடுத்தது நோ காஸ்ட் இ.எம்.ஐ. வட்டி கிடையாது என்றார்கள், ஆனால் ரொக்கமாகக் கட்டினால் எவ்வளவு என்று கேட்டால் இன்னும் 1,500 குறைகிறது, அதோடு பிராசசிங் கட்டணமும் இல்லை. அந்த 1,500தானே வட்டி? முதல் வீட்டுக்குச் சாமான் வாங்கும் பிள்ளைகள் எல்லாரும் இந்த ஒரு கேள்வியை வாய்விட்டுக் கேளுங்கள். பில்லை எழுதச் சொல்வதற்கு முன் கேளுங்கள்.

பிரிட்ஜில் ஸ்டார் எத்தனை என்பதை மட்டும் பார்க்காதீர்கள், ஸ்டிக்கரில் வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும், எந்த ஆண்டு லேபிள் என்பதும் இருக்கும். அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள், அதனால் பழைய லேபிளின் மூன்று ஸ்டாரும் புதிய லேபிளின் மூன்று ஸ்டாரும் ஒன்றில்லை. நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங், முதல் சில யூனிட் இலவசம், 500 தாண்டினால் கட்டணம் தூக்கிவிடும், தங்கைக்கு அந்த 500க்குள் நிற்பதுதான் கணக்கு.

சரி, வாஷிங் மெஷினுக்கு வருகிறேன். சனிக்கிழமை மத்தியானம் பணம் கட்டினோம், சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டது. இரண்டு பேர் மாடிப்படி ஏற்றி, சர்வீஸ் ஏரியாவில் வைத்துவிட்டு, தண்ணி வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் நான் வாங்கிய மெஷினை லாரிக்காரர் தெருவோரத்தில் இறக்கிவிட்டுப் போனார், மூன்றாம் மாடிக்கு ஏற்றத் தனிக் காசு. அதனால் எனக்கு அன்றைக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. என் ஊர் என்று தோன்றியது.

பெட்டியைப் பிரிக்கக் கூடாது, கம்பெனி ஆள் நாளைக்கு வந்து டெமோ கொடுப்பார், அவர் பிரித்தால்தான் வாரண்டி என்று சொல்லியிருந்தார்கள். ஞாயிறு யாரும் வரவில்லை. திங்கள் போன் செய்தால் புகார் எண் கொடுத்தார்கள். செவ்வாய் காலை, பத்து மணியிலிருந்து ஒரு மணிக்குள் என்று மெசேஜ் வந்தது. தங்கை பாதி நாள் லீவு போட்டாள். வரவில்லை. புதன் அதே மெசேஜ், அதே பத்து டு ஒன்று. வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார். மூலையில் அழுக்குத் துணி குவிந்துகொண்டே போனது, புது மெஷின் பக்கத்திலேயே.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. காரணம், அதில் செய்ய வேண்டிய வேலை எனக்குத் தெரியும். முன்பக்கம் துணி போடும் மெஷினில் லாரியில் ஆடாமல் இருக்க டிரம்மை நான்கு நீள போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். முதுகுப் பக்கம் நான்கையும் கழற்றி, ஓட்டைக்கு மூடி போட்டு, இரண்டு ஹோஸ் மாட்டினால் முடிந்தது. கழற்றாமல் ஓட்டினால் மெஷின் அறை முழுக்கக் குதிக்கும். ஜெர்மனியில் வாங்குகிறவரே அதைச் செய்துகொள்வது சாதாரணம், அதற்கான ஸ்பேனரே பெட்டியில் வரும். வாங்கின இரண்டு வருஷம் வரைக்கும் பொருளில் குறை இருந்தால் கடைக்காரர் பொறுப்பு என்று சட்டம். இங்கே கையில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு, "வாரண்டி போயிடும்ணா, தொடாதே" என்று தங்கை கெஞ்சுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

வெள்ளிக்கிழமை கம்பெனியிலிருந்து ஒரு தம்பி வந்தார். இருபது நிமிஷம். போல்ட்டைக் கழற்றினார், ஹோஸ் மாட்டினார், அப்புறம் பையைத் திறந்தார். ஸ்டாண்டு 1,800 ரூபாய், குழாய் பில்டர் 1,400, உப்பு கரைக்கும் பவுடர் மூன்று பாக்கெட். "ஸ்டாண்டு போடலேன்னா வாரண்டி வராது சார்." வாரண்டி அட்டையை விரித்து, எந்த வரியில் இருக்கிறது காட்டுங்கள் தம்பி என்றேன். காட்டவில்லை. பில் கிடைக்குமா என்றேன், அதற்கும் பதில் இல்லை. காலையிலிருந்து எட்டு வீடு, ஆளுக்கு இவ்வளவு விற்றே ஆக வேண்டும் என்று மேலே இருந்து நெருக்கடி என்று தங்கையிடம் போகும்போது சொல்லியிருக்கிறார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கம்பெனி ஆள் தொட்டால்தான் வாரண்டி என்று ஆறு நாள் காக்க வைத்துவிட்டு, அந்த ஆளையே வீட்டுக்குள் விற்க அனுப்புகிற ஏற்பாடுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் இந்த ஊர்த் தண்ணீரில் உப்பு அதிகம், மெஷினில் படியும் என்று அவர் சொன்னது உண்மை. நம் மாவட்டத்துப் போர் தண்ணி எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. கெட்டிலில் வெள்ளையாய்ப் படிவதை எல்லார் வீட்டிலும் பார்த்திருக்கிறோம், போதாததற்குப் புளோரைடும் அதிகம், அதற்காகத்தானே ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே வந்தது. ஜெர்மனியில் என் வீட்டுத் தண்ணீரில் சுண்ணாம்பு உப்பு எவ்வளவு, அதாவது அதன் கடினம் எத்தனை டிகிரி என்று தண்ணீர் கொடுக்கும் நிறுவனமே சொல்லிவிடும், சோப்புத்தூள் பாக்கெட்டில் அதற்கேற்ற அளவும் அச்சிட்டிருக்கும். இங்கே அதைச் சொல்ல வேண்டியவர் விற்ற கடைக்காரர், பணம் கட்டுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். கடைசியில் சிட்ரிக் ஆசிட் கால் கிலோ பக்கத்து மளிகைக் கடையில் வாங்கினோம், மாதம் ஒரு தடவை காலி டிரம்மில் வெந்நீரில் ஓட்டிக்கொள்ளலாம். மெஷின் கையேட்டில் தடுத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பெனித் தம்பி போன பிறகு ஓட்டினால் சுழற்றும்போது மெஷின் தடதடவென்று நகர்கிறது. கால்களைச் சமமாக வைக்காமலே போயிருக்கிறார். மறுபடி போன், மறுபடி புகார் எண். அப்போதுதான் காம்பவுண்டு சுவர் பூசிக்கொண்டிருந்த மேஸ்திரி சத்தம் கேட்டு மேலே வந்தார். வீட்டைக் கட்டியவரே அவர்தான். ஒன்றும் பேசவில்லை, கீழே போய் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு வந்து மெஷின் தலையில் வைத்தார். குமிழி ஒரு ஓரத்துக்கு ஓடி நின்றது. "தரையை வாட்டம் விட்டுத்தான் போட்டிருக்கேன் தம்பி, தண்ணி போகணுமில்ல" என்று குனிந்து முன்கால் இரண்டையும் கையாலேயே திருகினார், பார்த்தார், மறுபடி அரைச் சுற்று. குமிழி நடுக்கோட்டுக்குள் வந்து நின்றது. மேலே ஒரு சில்வர் டம்ளரில் தண்ணீர் வைத்து ஓட்டச் சொன்னார். நிமிஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் சுற்றில் ஓடும்போது தண்ணீர் லேசாக நடுங்கியது, ஒரு சொட்டு சிந்தவில்லை. காசு கொடுத்தேன், வாங்கவில்லை. அம்மா போட்ட டீயை மட்டும் குடித்தார்.

கழற்றிய நாலு போல்ட்டையும் அந்தத் தம்பி குப்பையோடு சேர்த்து வைத்திருந்தார். எடுத்துத் துடைத்து, கேரி பேக்கில் கட்டி, "வாஷிங் மெஷின், தூக்கிப் போடாதே" என்று மார்க்கரில் எழுதிப் பரணில் வைத்தேன். சொந்த வீடு, இனி எங்கேண்ணா மாற்றப் போறோம் என்றாள் தங்கை. சர்வீசுக்குத் தூக்கிப் போனால் இதைப் போட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.