மொந்தாயூ: காசு கொடுத்து வாங்கலாமா?

வாங்கலாம், நல்ல வரலாற்றுப் புத்தகம். ஆனால் இன்குவிசிஷன் (திருச்சபையின் மத விசாரணை) என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு எரிகிற கட்டை, இருட்டறை, நகத்தைப் பிடுங்குவது என்று சினிமா கணக்காக எதிர்பார்த்து வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். இதில் வருகிறவர்கள் ஆடு மேய்க்கிறவர்கள், அடுத்த வீட்டில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கிறவர்கள், ஒருத்தி தலையில் இன்னொருத்தி பேன் பார்த்துக்கொண்டே ஆன்மா எங்கே போகும் என்று பேசுகிற பெண்கள். எமானுவல் லெ ருவா லதூரி 1975இல் பிரெஞ்சில் எழுதியது. நான் படித்தது ஆங்கிலத்தில்.

விஷயம் என்ன? பிரான்சின் தெற்கே பிரனீஸ் மலையில் மொந்தாயூ என்று ஒரு ஊர், மொத்தம் இருநூறு இருநூற்றைம்பது பேர், நம்ம ஜவ்வாது மலைக் குக்கிராமம் ஒன்றின் அளவு. கத்தார் என்று இன்று நாம் சொல்கிற கிறிஸ்தவப் பிரிவினரைத் திருச்சபை பதிதர்கள், அதாவது வழிதவறியவர்கள், என்று முத்திரை குத்தி, 1209இல் சிலுவைப்போரே தொடுத்து, 1244இல் மொன்செகூர் கோட்டைக்குக் கீழே இருநூறு பேருக்கு மேல் ஒரே நாளில் எரித்து, கதை முடிந்தது என்று நினைத்த பிறகும், இந்த மலையூரில் அது அணையாமல் இருந்தது. 1308இல் ஊரில் வயது வந்தவர்களைக் கூண்டோடு பிடித்தார்கள். அப்புறம் பாமியே நகரத்து பிஷப் ழாக் ஃபூர்னியே வந்தார். 1318 முதல் 1325 வரை 98 வழக்குகள், 578 விசாரணைகள். மனிதர் அடித்துக் கேட்கிற ரகம் இல்லை, கேட்டுக் கேட்டே கரைக்கிற ரகம். யார் வீட்டில், எந்த மாதம், அடுப்புக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள், அப்போது வேறு யார் இருந்தது என்று விடாமல் கேட்டு, எல்லாவற்றையும் எழுத வைத்தார். பிறகு 1334இல் அவரே பன்னிரண்டாம் பெனடிக்ட் என்ற பெயரில் போப்பாகிவிட்டதால் அந்தப் பதிவேடு பத்திரமாகத் தப்பி, இன்று வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. லதூரி அதை வைத்துத்தான் ஊரையே திரும்பக் கட்டியிருக்கிறார்.

ஒரே ஒரு இடம் சொல்கிறேன். சிபில் பியேர் என்று ஒரு பெண், கைக்குழந்தை சாகக் கிடக்கிறது. பிராட் தாவெர்னியே என்ற கத்தார் போதகர் வந்து, தலையில் கை வைத்துச் செய்கிற கடைசிச் சடங்கைச் செய்துவிட்டு, இனி இதற்குப் பாலோ இறைச்சியோ கொடுக்கக் கூடாது, இப்படியே இறந்தால் நேராகக் கடவுளிடம் போகும் என்கிறார். புருஷனுக்கு ஒரே சந்தோஷம். ஆண்கள் வெளியே போனதும் அவள் குழந்தையை எடுத்துப் பால் கொடுத்துவிடுகிறாள். திரும்பி வந்து விஷயம் தெரிந்த புருஷன், ரொம்ப நாள் அவளிடமும் குழந்தையிடமும் பாசமாக இல்லையாம். கத்தார் இறையியல் என்று நானூறு பக்கம் எழுதினாலும் அந்தக் கொள்கை ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதை இந்த அளவுக்குக் காட்ட முடியாது. படித்துவிட்டு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு டீ போடப் போய்விட்டேன்.

கொள்கையைப் பொறுத்தவரை நமக்கு இந்தப் புத்தகம் பாதிக்குப் பாதி பழக்கப்பட்ட வீடு. உலகம் தீய சக்தியின் வேலை, ஆன்மா உடல் விட்டு உடல் தாவும், துறவிகள் இறைச்சி தொட மாட்டார்கள் (மீன் சாப்பிடுவார்கள், அதற்கு அவர்களிடம் ஒரு காரணம் இருக்கிறது), சாகும்போது உணவை நிறுத்திவிடுவார்கள். ஒரு துறவி முற்பிறவியில் குதிரையாக இருந்தாராம். கூட வந்தவரிடம், இந்த இடத்தில்தான் என் லாடம் கழன்று விழுந்தது என்று சொல்லி, இரண்டு கல்லுக்கு நடுவில் தேடி எடுத்தே காட்டினாராம். 'புல்லாகிப் பூடாகி' கேட்டு வளர்ந்தவனுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இதையெல்லாம் நம்பியதற்காக ஒருவனை எரிப்பார்களா என்பதுதான் ஆச்சரியம். கடைசித் துறவி பெலிபாஸ்தை 1321இல் எரித்தார்கள். காட்டிக்கொடுத்தவன் அர்னோ சிக்ர். அவனுடைய அம்மாவையும் அதே குற்றத்துக்காகத்தான் எரித்து வீட்டைப் பறிமுதல் செய்திருந்தார்கள். அந்த வீடு திரும்பக் கிடைக்கும் என்றுதான் அவன் ஒற்றனாகப் போனான்.

இனி குறை. லதூரி இந்தப் பதிவேட்டை ஏதோ டேப் ரெக்கார்டரில் பிடித்த பேச்சு மாதிரி நடத்துகிறார். பேசியது விசாரணைக் கைதி, கேட்டது பிஷப், பதில் சரியில்லை என்றால் ஜெயில். ஊர்க்காரர்கள் தங்கள் பேச்சில் சொன்னதை எழுத்தர் லத்தீனில், படர்க்கையில் எழுதினார். லதூரி அறிமுகத்தில் இதையெல்லாம் சொல்லிவிட்டு, உள்ளே போனதும் மறந்துவிடுகிறார். மேய்ப்பன் பியேர் மோரி இப்படி நினைத்தான், பெயாத்ரிஸ் என்ற பெண் இப்படி உணர்ந்தாள் என்று ஓடுகிறது எழுத்து. ரெனாத்தோ ரொசால்டோ என்ற மானிடவியலாளர் 1986இல் இதைத்தான் பிடித்துக் கேட்டார்: விசாரணை அதிகாரியின் அதிகாரத்தை இப்படி ஓரங்கட்டலாமா என்று. ஆர். ஐ. மூர், மார்க் பெக் போன்றவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், கத்தார் என்று கட்டுக்கோப்பான ஒரு சபையே இருந்ததா, அல்லது துரத்தியவர்கள் கண்ணுக்குத் தெரிந்த உருவமா என்றே கேட்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் இந்தத் துறவிகளை 'நல்ல மனிதர்கள்' என்றுதான் சொன்னார்கள். எனக்கு அந்தக் கட்சி முழுசாக ஒப்பவில்லை, குறைந்தபட்சம் மொந்தாயூ காலத்துக்கு. சடங்கும் துறவிகளும் கண்ணெதிரே இருக்கும்போது எல்லாம் பிஷப்பின் கற்பனை என்று தள்ள முடியாது.

எதிரி எழுதி வைத்ததன் வழியாகவே ஒரு கூட்டத்தைப் பார்க்கிற இந்தக் கண்ணாடியைத் தமிழ் வாசகருக்கு யாரும் புதிதாக மாட்டிவிட வேண்டியதில்லை. பௌத்தக் காப்பியமான குண்டலகேசி போய்விட்டது; அதில் கொஞ்சம் கிடைக்கிறதென்றால் அதை மறுக்க வந்த சமண நூலான நீலகேசியின் உரைக்கும் பங்குண்டு. ஆசீவகர் என்ற பழைய துறவுச் சமயத்தார் எழுதிய நூல் ஒன்றுகூட நம் கையில் இல்லை, அவர்களைப் பற்றித் தமிழில் தெரிவதெல்லாம் மணிமேகலை, நீலகேசி, சிவஞான சித்தியார் பரபக்கம் என்று எதிர்க்கட்சி சொன்னதுதான். ஆனால் நம் எதிர்க்கட்சிகள் கொள்கையைத்தான் எழுதி வைத்தன, ஆளை எழுதவில்லை. மதுரையில் எட்டாயிரம் சமணர் கழுவேறினார்கள் என்று புராணம் சொல்கிறது. நடந்ததா இல்லையா என்ற சண்டை ஒருபக்கம் இருக்கட்டும், அதில் ஒருவனுடைய வீடு எது, மனைவி அன்று என்ன சொன்னாள் என்று ஒரு வரி உண்டா? காட்பாடி தாண்டி வள்ளிமலைக்குப் போனால் பாறையில் தீர்த்தங்கரர்களும் கங்க அரசன் காலத்துக் கல்வெட்டும் இருக்கின்றன, 9ஆம் நூற்றாண்டு. செதுக்கச் சொன்னவர் பெயர் இருக்கும். கீழே ஊரில் இருந்த சமணக் குடும்பம் எப்போது, எந்தச் சண்டைக்குப் பிறகு திருநீறு பூசியது என்பது மட்டும் எங்கேயும் இருக்காது. ஃபூர்னியே மாதிரி ஒரு எழுதிவைக்கிற எதிரி நமக்கு வாய்க்கவில்லை. இதைப் பொறாமை என்று சொல்வதா என்றே எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அந்தக் கேள்விகளுக்கு விலையாக அங்கே ஆட்களை எரித்தார்கள், மஞ்சள் சிலுவை தைத்த துணியோடு தெருவில் நடக்க வைத்தார்கள்.

பதிப்பு விஷயம். ஆங்கிலப் பதிப்பு சுருக்கப்பட்டது, இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். அடிக்குறிப்பு தேடுகிற ஆராய்ச்சி மாணவர்களுக்கு இது போதாது. பதிவேட்டின் லத்தீன் மூலத்தை ழான் துவெர்னுவா 1965இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார், அங்கே போக வேண்டியதுதான். நான் ஆன்லைனில் பழைய பிரதி வாங்கினேன். 'நல்ல நிலை' என்று போட்டிருந்தான் விற்றவன். மே மாதம், வேலூர் வெயில், பிரித்த வேகத்தில் முதுகுக் கோந்து உதிர்ந்து நடுவில் ஒரு கற்றை கையோடு வந்துவிட்டது. புகார் கொடுத்தால் பணம் தருகிறேன், புத்தகத்தை அனுப்பு என்றான். படிக்க ஆரம்பித்த பிறகு யார் அனுப்புவார்கள்? லாங் பஜார் பக்கம் ஒரு பைண்டிங் கடையில் கொடுத்தேன், தைத்து, காலிகோ துணி அட்டை போட்டுக் கொடுத்தார், புத்தகத்தைவிட அட்டை கெட்டி. பழைய பிரதி வாங்குவதாக இருந்தால் முதுகுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

படிக்கும்போது ஒரு தாள் பக்கத்தில் இருக்கட்டும். ஊர் முழுக்க பியேர், கியோம், கியோமெத், பெர்னார். பாதிரியார் பியேர் க்ளெர்க் வேறு, மேய்ப்பர் பியேர் மோரி வேறு. முன்னவர் பூசை வைத்துக்கொண்டே கத்தார்களுக்கும் வேண்டியவராக இருந்து, வேண்டாதவர்களைப் போட்டுக்கொடுத்த ஆசாமி. பின்னவர்தான் புத்தகத்திலேயே எனக்குப் பிடித்தவர். முதல் பக்கத்திலிருந்துதான் படிப்பேன் என்று பிடிவாதம் பிடிக்காமல் மேய்ப்பர்களைப் பற்றிய அத்தியாயங்களில் நுழைந்துவிட்டு, பிறகு வீடுகளைப் பற்றிய பகுதிக்குத் திரும்புங்கள், பெயர்கள் அப்போது தானாகவே மனசில் நிற்கும்.