கோ போர்டு செட், காட்பாடிக்கு வரவச்சது

கோன்னா கருப்பு, வெள்ளை கல்லு வச்சி ரெண்டு பேர் ஆடுற போர்டு கேம். அதுல ஜப்பான் பொண்ணு நகமுரா சுமிரே 2019ல 10 வயசுல ப்ரொஃபஷனல் ஆயி, 2023ல 13 வயசுலயே பெண்கள் கிசெய்ங்கிற ஜப்பான் கோ டைட்டில் அடிச்சி, 2024ல இன்னும் கஷ்டமான போட்டி வேணும்னு கொரியாவுக்கே போயிடுச்சி, என்னா தைரியம் பாருங்க! அத படிச்சிட்டு எம்பொண்ணு ஒரே புடியா கேட்டா, ஆன்லைன்ல வாங்கினேன்.

கல்லு அருமை, கருப்பு 181 வெள்ளை 180, எண்ணிப் பாத்தோம் கரெக்டா இருக்கு, வச்சா டொக்குன்னு சத்தம் வருது. ஆனா மடிக்கிற போர்டு, நடு மூட்டுல மேடு தட்டுது, அந்த கோட்டுல வைக்கிற கல்லு ஆடிகினே இருக்கு. செஸ் மாதிரி நகத்துற ஆட்டம் இல்லயே இது, வச்ச கல்லு வச்ச எடத்துல நிக்கணும்ல? பின்பக்கம் 9க்கு 9 கோடு போட்ட சின்ன போர்டு இருக்கு, புதுசா கத்துக்குற பசங்களுக்கு அது போதும். வேலூர் வெயிலுக்கு பலக இதுவரைக்கும் வளையல.