‘வர்றேன்’ சொல்லாமப் போற சர்வரும் ஓப்பன்எஸ்எஸ்எல் 3-ம்: மூணு வருஷ அனுபவம்

பழைய டீமில் கூட இருந்த நண்பன் நேற்று கேட்டான்: “நாங்க இன்னும் 1.1.1-லதான் ஓட்டிட்டிருக்கோம். எதிர்ல இருக்கிற சர்வீஸ் கற்காலத்தது. 3-க்கு மாறினா என்னடா ஆகும்?” அவன் சொன்னது ஓப்பன்எஸ்எஸ்எல்-ஐ: புரோகிராம்களின் நெட்வொர்க் இணைப்புகளைப் பூட்டிக் காக்கிற லைப்ரரி. ஃபோனில் பாதி திட்டாகவே போய்விட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

1.1.1-க்கான பொதுப் பராமரிப்பு 2023 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது என்று அவனுக்கும் தெரியும். மாறிய அன்றைக்கே வரும் தகராறுகளும் தெரிந்தவைதான். ‘அன்சேஃப் லெகசி ரீநெகோஷியேஷன் டிஸேபிள்டு’ என்று வந்தால், இணைப்பின் நடுவில் நடக்கும் மறுபேச்சைப் பத்திரமாக்க 2010-ல் வந்த ஆர்எஃப்சி 5746 என்ற தரநிலையை மறுமுனை இன்னும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ‘டிஹெச் கீ டூ ஸ்மால்’ (மறுமுனையின் சாவி சின்னது) என்றால் செக்யூரிட்டி லெவல் சண்டை: எவ்வளவு பலவீனமான பூட்டு வரை ஏற்கலாம் என்ற அளவு அது. டிஎல்எஸ் என்கிற பூட்டும் முறையில் 1.0 என்ற பழைய பதிப்பு மட்டுமே தெரிந்த சர்வர் என்றால், லெவலை 0-க்கு இறக்காமல் பேச்சே கிடையாது. இதற்கெல்லாம் ஒரே ஒரு புத்திமதி: சிஸ்டம் முழுக்கப் பொதுவான ஓப்பன்எஸ்எஸ்எல் கான்ஃபிக் கோப்பில் கை வைக்காதே. ஒரு கிழட்டு சர்வருக்காக மெஷினில் இருக்கிற மற்ற புரோகிராம்களும் பூட்டைத் தளர்த்திக்கொள்ளும். தனியாக ஒரு கான்ஃபிக் எழுதி, என்விரான்மென்ட் வேரியபிள் வழியே அந்த ஒரு பிராசஸுக்கு மட்டும் காட்டு. ஒரு நாள் வேலை. செய்தோம், முடிந்தது.

முடியாதது இன்னொன்று: ‘அன்எக்ஸ்பெக்டட் இஓஎஃப் வைல் ரீடிங்’. படித்துக்கொண்டிருக்கும்போதே இணைப்பு எதிர்பாராமல் முடிந்துவிட்டது என்கிற பிழை.

டிஎல்எஸ்-ல் பேச்சை முடிக்கும்போது ‘குளோஸ் நோட்டிஃபை’ என்று ஒரு சின்ன சேதி அனுப்பிவிட்டுத்தான் இணைப்பை மூட வேண்டும். வாசலில் நின்று ‘வர்றேன்’ சொல்கிற மாதிரி. எங்கள் எதிர்முனைக்கு அந்தப் பழக்கமே இல்லை. ராத்திரி 2 மணிக்கு நாங்கள் கேட்கும் கோப்பைக் கடைசி பைட் வரை கொடுக்கும், அடுத்த நொடி அடியில் இருக்கிற டிசிபி இணைப்பை மூடிவிட்டுப் போய்விடும். 1.1.1-ல் இது எர்ர்நோ 0 (பிழை எண் பூஜ்யம்) என்று மொட்டையாக வரும். எங்கள் ஸ்கிரிப்ட் கண்டுகொண்டதில்லை. 2020 மார்ச்சில் 1.1.1இ-யில் இதை முறையான பிழையாக்கிப் பார்த்தார்கள். ஓடிக்கொண்டிருந்த புரோகிராம்கள் உடைந்ததும், அந்த மாதக் கடைசியிலேயே 1.1.1எஃப்-ல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 3.0-ல் மறுபடி கொண்டுவந்தார்கள். இந்தத் தடவை பின்வாங்கவில்லை.

எங்கள் ஸ்கிரிப்ட் பிழை வந்தால் மூன்று தடவை முயலும். அதனால் தினமும் அதே கோப்பு மூன்று தடவை இறங்கும். எம்டி5 (கோப்பின் கைரேகை மாதிரி) போட்டுப் பார்த்தால் மூன்றும் அச்சு அசல் ஒன்று. அப்புறம் ‘தோல்வி’ என்று அலர்ட். மறுமுனை ஆட்களிடம் சொன்னால், “உங்க பழைய வெர்ஷன்ல வேலை செஞ்சுதே சார்” என்பார்கள். செய்தது, உண்மைதான். பன்னிரண்டு ராத்திரி பொறுத்தேன். இந்தப் பிழையைக் கண்டுகொள்ளாதே என்று சொல்ல ஓர் ஆப்ஷன் உண்டு, கோடில் ஒரே வரி. போட்டேன், தூங்கினேன்.

எட்டு மாதம் கழித்துக் கணக்கில் ஒரு தொகை உதைத்தது. அன்றைய கோப்பைத் திறந்தால் கடைசி வரி இப்படி: 20417,3,48

48-க்குப் பின்னால் இன்னும் மூன்று இலக்கம் இருந்திருக்க வேண்டும். இணைப்பு பாதியிலேயே மூடியிருக்கிறது. அந்த சர்வர் பதில் அனுப்புவது ஹெச்டிடிபி 1.0 காலத்துப் பாணியில்: கன்டென்ட்-லெங்த் (மொத்த அளவு இவ்வளவு என்ற குறிப்பு) கிடையாது, இணைப்பு மூடினால் கோப்பு முடிந்தது என்று நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். கொடுத்து முடித்து மூடியதா, நடுவில் வேறு யாரோ வெட்டிவிட்டார்களா என்று பிரித்துக் காட்ட அங்கே மிச்சம் இருப்பது அந்த ‘வர்றேன்’ ஒன்றுதான். அது வரவில்லை என்றுதான் லைப்ரரி கத்திக்கொண்டிருந்தது. நான் அதன் வாயைப் பொத்தி வைத்திருந்தேன்.

ஆப்ஷனை எடுத்துவிட்டேன். நல்லவேளையாக, கோப்பின் முதல் வரியில் மொத்த வரிகளின் எண்ணிக்கை இருக்கிறது. இப்போது ஸ்கிரிப்ட் அதை எண்ணிப் பார்க்கும். பாதி வரியும் ஒரு வரியாகக் கணக்கில் ஏறிவிடும் என்பதால், கடைசி எழுத்து நியூலைனா என்றும் பார்க்கும். இரண்டும் சரியென்றால் பிழையை மீறிக் கோப்பை எடுத்துக்கொள்ளும். அலர்ட்டை மட்டும் நிறுத்த மனசு வரவில்லை. ஒரு தடவை நிறுத்திப் பட்டது போதும்.

ஓப்பன்எஸ்எஸ்எல் 3 நல்ல சாமான்தான், சந்தேகமில்லை. இந்த விவகாரத்தில் என்னிடம் ஒரு தடவைகூடப் பொய் சொல்லாத ஆள் அது ஒன்றுதான். மாறு, வேறு வழியும் இல்லை. ஆனால் என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. இன்று காலை கேட்டிருந்தால் ஒன்றுதான் போட்டிருப்பேன்: 2:04-க்கு மொபைல் அலறியது, எழுந்து பார்த்தேன், வரி எண்ணிக்கை சரி, நியூலைன் சரி, கோப்பு முழுசு.